நோர்வேயின் 'ரோத்', நம் உதிரம், சந்தையில் ரோகு: ஒரு நிறச்சொல்லின் வேர் தேடி

வடதிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒஸ்லோவில் வசிக்கும் இலங்கைத் தமிழன் நான். நோர்வேஜிய மொழியை வேலைக்காகக் கற்கத் தொடங்கியவன், இப்போது அதன் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடுவதையே மாலைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். சில நாட்களாக என்னை விடாமல் பிடித்திருப்பது 'சிவந்த' என்று பொருள்படும் ஒரு பெயரடை. அதைத் தமிழில் 'ரோத்' என்று எழுதுகிறேன். ஆனால் அந்த உயிரொலி நம்மிடம் இல்லை. நாக்கை 'ஏ' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, உதடுகளை மட்டும் 'ஓ' சொல்வதுபோல் குவித்தால் அது வந்துவிடும். கடைசியில் எழுதப்படும் மெய்யை யாரும் ஒலிப்பதில்லை. கடையிலும் பேருந்திலும் காதில் விழுவது வெறும் 'ரோ' மட்டுமே. நடுப்பால் பெயரோடு சேரும்போது உயிர் குறுகி, இறுதியில் ஒரு வல்லொலி பளிச்சென்று கேட்கும்: 'ரொத்'.

இந்நாட்டில் எழுத்துவழக்கு இரண்டு. பெரும்பான்மையோர் எழுதும் பூக்மோலில் இச்சொல் 'ரோத்'. மேற்குக் கரையில் செல்வாக்குள்ள நீநோர்ஸ்கில் 'ரௌத்'. 2007இல் உருவான, 'சிவப்பு' என்றே பெயர் கொண்ட இடதுசாரிக் கட்சிகூட வழக்குக்கு ஏற்றபடி தன் பெயரை இரண்டு விதமாக எழுதுகிறது.

என் ஐயம் இதுதான். ஆங்கிலத்தில் 'ரெட்', இங்கே 'ரோத்', நம்மிடம் 'ரத்தம்'. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வருகின்றனவே, இவை ஒரே வேரில் பிறந்தவைதாமா?

சொல்லேர் எழுதியது:

அன்பரே, 'ரெட்'டும் 'ரோத்'தும் உடன்பிறந்தவை. 'ரத்தம்' அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனால் நீங்கள் நினைத்துப் பார்க்காத வேறு சில சொற்கள் அந்தக் குடும்பத்திலிருந்து தமிழுக்குள் வந்து, நம் வீட்டுச் சொற்கள்போலவே புழங்குகின்றன. முதலில் ரத்தத்தைத் தள்ளிவிடுவதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

'ரத்தம்' வடமொழியின் 'ரக்த' என்பதிலிருந்து வந்தது. 'ரஞ்ஜ்' என்றால் சாயம் ஏறுதல். அதன் இறந்தகால எச்சமே 'ரக்த', அதாவது 'சாயம் ஏறியது'. ராகம், ரங்கம் ஆகியவை அதே வேரின் மக்கள். ஆகவே ரத்தத்தில் வேருக்கு உரியது 'ரக்' மட்டுமே. பின்னால் வரும் தகரம் விகுதி. 'ரோத்', 'ரெட்' ஆகியவற்றிலோ இறுதி மெய் வேரின் பிரிக்க முடியாத பகுதி. ஒன்றில் விகுதியாக நிற்பதையும் மற்றொன்றில் வேராக நிற்பதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், வேட்டிக்கரையும் ஆற்றங்கரையும் ஒன்று என்று சொன்ன கதையாகிவிடும்.

இப்போது 'ரோத்'தின் வழியைப் பார்ப்போம். நோர்வேஜியத்தின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியில் இது 'ரௌத்ர்'. கிரீன்லாந்தில் குடியேற்றம் அமைத்த சிவப்பு எரிக்கை இன்றும் நோர்வேயில் 'எய்ரிக் ரௌதெ' என்றே அழைக்கிறார்கள். அந்த அடைமொழியில் பழைய ஈருயிர், அதாவது இரண்டு உயிர்கள் சேர்ந்த ஒலி, அப்படியே உயிரோடிருக்கிறது. டேனிய மொழியில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'ஔ' போன்ற இந்த ஈருயிர் சுருங்கி ஒற்றை உயிராகிவிட்டது. நார்வே 1380 முதல் 1814 வரை டென்மார்க்கோடு ஒரே அரசின் கீழ் இருந்ததால், படித்தவர்களின் எழுத்து டேனியமாகவே இருந்தது; அந்த எழுத்தின் வழித்தோன்றலே பூக்மோல். ஈவார் ஓசன் என்ற உழவர் மகன் ஊர் ஊராகத் திரிந்து நாட்டுப்புறப் பேச்சைத் திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் வெளியிட்டார். அதன் அடிப்படையில் எழுந்ததே நீநோர்ஸ்க். 1885இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சமநிலை அளித்தது. இன்றைய பெயர்கள் 1929இல் வந்தவை. ஆகவே, நீங்கள் காணும் 'ரோத், ரௌத்' என்ற இரட்டை, ஒரே சொல் இரண்டு வாசல்கள் வழியாக வீட்டுக்குள் வந்த கதை.

ஆங்கிலமும் ஜெர்மனும் நோர்வேஜியமும் சேர்ந்த ஜெர்மானியக் கிளை முழுவதற்கும் பொதுவான மூலவடிவம் 'ரௌதஸ்'. அதற்கும் முந்தைய, வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் கூடப் பொதுவான இந்தோ-ஐரோப்பிய வேரில் இறுதி மெய், மூச்சு கலந்த தகரம். 'தனம்' என்பதை வடமொழியார் ஒலிக்கும்போது வரும் நான்காம் தகரம். தமிழெழுத்தில் நான்கு தகரங்களுக்கும் ஒரே வடிவம் என்பதால், இந்த இழையில் நாம் எழுதும் 'த' எல்லாம் ஒன்றல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மெய் வடமொழியில் அப்படியே நிற்கும். ஜெர்மானியத்தில் மூச்சை இழந்து மெல்லிய தகரமாகும். கிரேக்கத்தில் அதிர்வை இழந்து மூச்சோடு நிற்கும். இலத்தீனில் உகரத்தை அடுத்தோ ரகரத்தை ஒட்டியோ வந்தால் பகரமாகும். இதை வைத்துப் பாருங்கள்: கிரேக்கத்தில் 'எருத்ரோஸ்', இலத்தீனில் 'ருபேர்', வடமொழியில் 'ருதிர'. மூன்றுக்கும் பொருள் சிவப்பு. அந்த 'ருதிர'வே நம் உதிரம்.

மருதன் எழுதியது:

ஐயா, முன்பகுதியை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. உதிரம் என்பது 'உதிர்' என்ற தூய தமிழ் வினையிலிருந்து வந்தது என்றே நான் படித்திருக்கிறேன். உடலிலிருந்து உதிர்வது உதிரம். இலை உதிர்கிறது, பூ உதிர்கிறது, வெட்டுப்பட்டால் குருதி உதிர்கிறது. வெளிப்படையாகத் தெரியும் தமிழ் வேரை விட்டுவிட்டு நார்வே வரை போய்ச் சுற்றி வரவேண்டிய தேவை என்ன?

சொல்லேர் எழுதியது:

மருதன் அவர்களே, நல்ல கேள்வி. இதற்கு மூன்று தடைகளைச் சொல்கிறேன். முதலாவது, உதிர்தல் என்பது காய்ந்தவை, ஒட்டு விட்டவை, தனித்தனியாக விழுபவற்றின் வினை. இலை, பூ, பல், மயிர், சுண்ணாம்புக் காரை ஆகியவை உதிரும். நீர்மங்கள் உதிர்வதில்லை, சொட்டும், வடியும், ஒழுகும், கசியும். கண்ணீரை 'உதிர்த்தாள்' என்று எழுதுகிறோமே என்றால், அங்கும் துளி துளியாக விழுவதைக் காட்டவே அந்த வினை வருகிறது. காயத்திலிருந்து ஓடும் குருதிக்கு அதை யாரும் ஆள்வதில்லை.

இரண்டாவது, நம் அகராதிகளில் 'உதிரம்' என்பதோடு 'உருதிரம்' என்ற வடிவமும் அதே பொருளில் இருக்கிறது. ரகரத்தை முதலாகக் கொண்ட வடசொல் தமிழுக்குள் வரும்போது அதன் முன்னே அ, இ, உ ஆகிய குறில்களில் ஒன்று வந்து நிற்கும் என்று நன்னூல் விதியே வகுத்திருக்கிறது. அந்த விதிப்படி 'ருதிரம்' உருதிரம் ஆகிறது. அதன் தேய்ந்த வடிவமாக உதிரம் அமைகிறது. உதிர் என்ற வினையே மூலமானால், இடையில் இந்த 'ரு' எங்கிருந்து முளைத்தது என்பதற்கு விடை இல்லை.

மூன்றாவது, தமிழுக்குத் தன் சொந்தச் சொல் வலுவாகவே இருந்தது. குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே காந்தள் 'குருதிப்பூ' ஆகிறது. 'நெய்த்தோர்' என்ற இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு. தெலுங்கின் 'நெத்துரு'வும் கன்னடத்தின் 'நெத்தரு'வும் அதன் உடன்பிறப்புகள். ஆகவே உதிரத்தை வடமொழிக்குக் கொடுத்துவிட்டால் தமிழ் ஏழையாகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

மருதன் எழுதியது:

உருதிரம் என்ற வடிவம் எனக்குத் தெரியாது. அது இருக்குமானால் என் வழி அடைபடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீர்மம் உதிராது என்ற வாதம் மட்டும் தனியே நின்றிருந்தால் நான் மடங்கியிருக்க மாட்டேன்.

நெய்தற்கரை எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். நான் மீன்வளத் துறையில் பணிபுரிந்தவள். மொழியியல் படித்தவள் அல்லள். ஆனால் என் துறையில் நாள்தோறும் புழங்கிய ஒரு சொல் இங்கே வந்தாக வேண்டும் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டுக் குளங்களிலும் அணைகளிலும் கட்லா, ரோகு, மிருகால் என்ற மூன்று கெண்டை இனங்களைச் சேர்த்தே வளர்க்கிறோம். ரோகுவின் அறிவியல் பெயரில் 'ரோகிதா' என்ற பகுதி இருக்கிறது. 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் சூட்டிய பெயர் அது. வடமொழியில் 'ரோஹித' என்றால் சிவந்தது என்றும், அது ஒரு மீனுக்கும் பெயர் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் ரோகுவும் 'ரோத்'தின் உறவா?

சொல்லேர் எழுதியது:

உறவேதான், அம்மா. நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். 'ரோஹித' என்பது ரிக் வேதத்தில் செந்நிறக் குதிரைக்கு வரும் சொல். அதன் பெண்பால் 'ரோஹிணி'. ரோகிணி விண்மீன் செம்மஞ்சளாக ஒளிர்வதை, வானம் தெளிந்த இரவில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ரோகித் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பெற்றோர் பலர், 'சிவந்தவன்' என்று, அதாவது ஏறத்தாழச் 'சேயோன்' என்று பெயர் வைக்கிறோம் என்பதை அறிவதில்லை.

அதே சொல், ரகரம் லகரமாக மாறி, 'லோஹித' என்றும் வரும். அதன் குறுகிய உறவு 'லோஹ'. முதலில் இதற்குச் 'சிவந்த உலோகம்', அதாவது செம்பு என்று பொருள். பிறகு இரும்புக்கும், அதன்பின் உலோகம் அனைத்துக்கும் பெயராயிற்று. நம் 'உலோகம்' இதுதான். இந்தியில் 'லோஹா' இரும்பில் போய் நின்றுவிட்டது. நாமோ பொதுப்பெயராக வைத்துக்கொண்டோம். தமிழும் தன் வழியில் இதையே செய்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்: 'செம்' என்ற நிறச்சொல்லிலிருந்துதானே செம்பு பிறந்தது?

வடிவ நோக்கில் பார்த்தால், 'ரோத்'துக்கு மிக நெருங்கிய இந்திய உறவு உதிரம் அல்ல, உலோகமே. உதிரம் கிரேக்க 'எருத்ரோஸ்' போல ரகர விகுதி பெற்றது. 'லோஹ'வும் 'ரௌத்ர்'உம் விகுதியின்றி, வேரின் உயிர் ஓகார நிலையில் நிற்க, ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இந்த உயிர் மாற்றத்தைப் புரிந்துகொள்ளக் கெடு, கேடு, சுடு, சூடு, பெறு, பேறு ஆகியவற்றை நினைத்துக்கொள்ளலாம். நாம் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறோமே, அதைப் போல வேரின் உயிரை மாற்றியே சொல்வகையை மாற்றும் பழக்கம் இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலும் உண்டு. நம்மிடம் குறில் நெடிலாகிறது. அங்கே எகரம் ஒகரமாகிறது, அல்லது உயிரே மறைந்துபோகிறது. எகர நிலையில் பழைய நோர்ஸின் 'ர்யோத்ர்' (முகம் சிவந்தவன்), ஒகர நிலையில் 'ரௌத்ர்', உயிர் மறைந்த நிலையில் 'ரொத்னா' (சிவந்துபோதல்). துருவைக் குறிக்கும் 'ருஸ்த்' என்ற நோர்வேச் சொல்லும், ஆங்கிலத்தின் 'ரஸ்ட்'டும் இந்தக் கடைசி நிலைக்கு உரியவை.

ஐயவினா எழுதியது:

சொல்லேர் அவர்களின் விளக்கம் கேட்கச் சுவையாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அச்சமும் வருகிறது. 'ருதிர'வில் அந்த மூச்சுத் தகரம் நிலைக்கிறதாம். 'ரோஹித'வில் அது ஹகரமாகிறதாம். 'லோஹ'வில் ரகரமும் லகரமாகிறதாம். ஒரே மொழிக்குள் ஒரே மெய்க்கு இரண்டு முடிவுகள் என்றால், நமக்கு வேண்டியபோது ஒரு விதியும் வேண்டாதபோது இன்னொரு விதியும் எடுத்துக்கொள்வதாக ஆகாதா? ரத்தத்தைத் தள்ளும்போது காட்டிய கண்டிப்பை உலோகத்துக்கும் காட்ட வேண்டும் அல்லவா?

சொல்லேர் எழுதியது:

இந்த இழையின் மிகக் கூர்மையான கேள்வி இது. விரிவாகவே விடை சொல்கிறேன்.

மூச்சுத் தகரம் ஹகரமாவது இந்தச் சொல்லுக்காக வலிந்து செய்த ஏற்பாடு அல்ல. 'தா' (வைத்தல்) என்ற வேரின் எச்சம், வைக்கப்பட்டது என்ற பொருளில், 'ஹித' என்று வருகிறது. அதே தகரமே ஹகரமாகியிருக்கிறது. ஏவல் விகுதி சில வினைகளில் 'தி' என்றும் சில வினைகளில் 'ஹி' என்றும் வருகிறது. எல்லாவற்றினும் தெளிவானது 'இங்கே' என்ற சொல்: வடமொழியில் 'இஹ', பாலி மொழியில் 'இத', ஈரானின் பழைய சமயநூலான அவெஸ்தாவிலும் தகரத்தோடுதான். பாலியில் பழைய தகரம் நிலைத்திருக்க, வடமொழியில் மாறியிருக்கிறது. பல வட்டாரப் பேச்சுகள் கலந்து உருவான மொழி அது என்பதால், ஒரே காலத்தில் இரண்டு முடிவுகளும் அருகருகே தங்கிவிட்டன. ரகர லகர மாற்றமும் அப்படியே. மேற்கு வழக்கு ரகரத்தையும் கிழக்கு வழக்கு லகரத்தையும் விரும்பின. அவெஸ்தாவில் சிவப்புக்கு உள்ள சொல்லும் ரகரத்தோடு, தகரத்தோடு நிற்கிறது.

பொருளுக்கும் சான்று உண்டு. யசுர் வேதத்தின் சமகப் பகுதியை நம் சிவன் கோயில்களில் திருமுழுக்கின்போது ஓதுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதன் ஐந்தாம் பிரிவில் உலோகங்களை வேண்டும் வரிசையில் 'ச்யாமம் ச மே, லோஹம் ச மே' என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது கருநிறம், அதாவது இரும்பு. பின்னது அதற்கு எதிராக நிற்கும் செந்நிறம், அதாவது செம்பு. உலோகம் என்பது அங்கே இன்னும் நிறச்சொல்லாகவே இருக்கிறது.

கண்டிப்பு எங்கே உதவுகிறது என்பதற்கு ஓர் எதிர்ச்சான்றும் தருகிறேன். 'ருத்திரன்' என்ற பெயரைச் சிவப்போடு சேர்க்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். செந்நிறக் கடவுள் என்று சொல்லப் பொருளும் இடங்கொடுக்கிறது. ஆனால் அங்குள்ளது மூச்சில்லாத மூன்றாம் தகரம். தமிழில் எழுதினால் ருதிரமும் ருத்திரமும் பக்கத்து வீட்டுக்காரர்கள். வடமொழியில் ஒலித்தால் வேறு வேறு தெருக்காரர்கள். ஆகவே அதை நான் இந்தக் குடும்ப அட்டையில் சேர்க்கவில்லை.

ஐயவினா எழுதியது:

'இஹ, இத' என்ற சான்று போதுமானது. சமகத்தைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். அந்த இரண்டு சொற்களையும் நிறங்களாக ஒருநாளும் கேட்டதில்லை. இன்னொரு சின்ன ஐயம்: தமிழில் லோகம் என்றால் உலகம். அதுவும் இதே சொல்லா?

சொல்லேர் எழுதியது:

இல்லை, நம் எழுத்து செய்த குழப்பம் அது. வடமொழியில் உலகம் 'லோக', ககரத்தோடு. உலோகம் 'லோஹ', ஹகரத்தோடு. இரண்டையும் நாம் ககரத்தால் எழுதுவதால் பழந்தமிழில் 'உலோகம்' இரண்டுக்கும் பொதுவாகிவிட்டது. 'லோக' என்பதற்குத் திறந்த வெளி என்பதே முதற்பொருள். அதன் வேர் ஒளியைக் குறிப்பது. மரங்களை நீக்கி வெளிச்சம் விழும் இடம் என்ற கருத்தில், இலத்தீனில் தோப்புக்கும் லித்துவேனியத்தில் வயலுக்கும் அதே வேரிலிருந்து பெயர்கள் உண்டு. பழைய நோர்ஸில் புல்வெளிக்குப் பெயர் 'லோ'. வடதிசை அவர்களே, நீங்கள் வாழும் ஒஸ்லோவின் ஈற்றில் இருப்பது இந்த 'லோ' என்பதே பெரும்பாலோர் கருத்து. முதற்பகுதி தெய்வத்தைக் குறிக்கிறதா, மலைமுகட்டைக் குறிக்கிறதா என்பதில்தான் சண்டை. ஆக, ஒஸ்லோவில் ஒரு லோகம் இருக்கிறது, உலோகம் இல்லை.

வடதிசை எழுதியது:

இதை என் வீட்டாரிடம் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஊர்ப்பெயர் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன்: ஒஸ்லோ குடாவின் இரு கரைகளிலும் 'ரோத்' என்று முடியும் பண்ணைப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் ஏராளம். அவையெல்லாம் செம்மண் ஊர்களா?

சொல்லேர் எழுதியது:

ஒன்றுகூட அல்ல என்றே சொல்லலாம். அந்த ஈறு 'ருத்' என்ற வேறொரு சொல். காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்பது பொருள். உள்நாட்டில் அது 'ருத்' என்றே நிற்கிறது. கரையோரத்தில் 'ரோத்' ஆகிவிட்டது. டென்மார்க்கின் ஹில்லெரோத், ஜெர்மனியின் பைராய்ட், வெர்னிகெரோடெ ஆகியவற்றின் ஈறுகளும் அதுவே. நம் ஊர்ப்பக்கத்துக் காடுவெட்டியை நினைத்துக்கொண்டால் மறக்காது. உண்மையாகவே சிவப்பால் பெயர்பெற்ற இடம் வேண்டுமானால், நூர்லான் மாவட்டத்தின் 'ரோதொய்' தீவைச் சொல்லலாம். அங்குள்ள செந்நிற மலையால் வந்த பெயர் அது. ஆக, ஊர்ப்பெயரில் சொல் முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுப் பொருள் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. ஆரோகணம், அவரோகணம் என்கிறோமே, அந்த 'ரோஹண'வும் ரோகிணியும் ஒரே வேர் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஏறுதல், வளர்தல் என்ற பொருளுடைய 'ருஹ்' முதலில் லகரத்தோடு இருந்தது. ஜெர்மன் மொழியில் மக்களைக் குறிக்கும் 'லாய்ட்டெ' அதே வேர். நீநோர்ஸ்கில் திருச்சபைக் கூட்டத்துக்கு 'ஷிர்க்யெலித்' என்பார்கள். அதன் 'லித்'தும் அதுவே. அதாவது, பழைய லகரம் வடமொழியில் ரகரமாகி ஆரோகணம் வந்தது. பழைய ரகரம் லகரமாகி உலோகம் வந்தது. இருவரும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு நம் முன் நிற்கிறார்கள்.

நெய்தற்கரை எழுதியது:

'எருத்ரோஸ்' என்றதும் எரித்திரியா நாடு நினைவுக்கு வருகிறது. செங்கடலுக்குக் கிரேக்கர் வைத்த பெயர்தானே அது?

சொல்லேர் எழுதியது:

ஆம், 1890இல் இத்தாலியர் தம் குடியேற்றப் பகுதிக்கு அந்தப் பழம்பெயரைச் சூட்டினார்கள். கிரேக்கர்களுக்கு 'எரித்திரியக் கடல்' என்பது இன்றைய செங்கடலோடு நிற்கவில்லை, அரபிக்கடலையும் தாண்டியது. முதல் நூற்றாண்டில் ஒரு வணிகர் எழுதிய எரித்திரியக் கடல் வழிநூலில் நம் முசிறி வருவது அதனால்தான். அச்சொல்லின் தொடக்கத்தில் உள்ள எகரம் வெறும் அழகுக்கு வந்தது அல்ல. மூலவேரின் முன்னால் ஒரு தொண்டையொலி இருந்ததற்கு அதுவே சான்று. பிற கிளைகள் அதைத் தடமில்லாமல் விட்டுவிட, கிரேக்கம் மட்டும் உயிராக்கி வைத்துக்கொண்டது. நாம் 'ரு'வின் முன் உகரம் சேர்த்தோம். கிரேக்கர் சேர்க்கவில்லை, இருந்ததைக் காத்தார்கள்.

மருதன் எழுதியது:

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சி நிற்கிறது. குருதி ஒரு பக்கம், உலோகம் ஒரு பக்கம். ஒரே நிறச்சொல் இந்த இரண்டுக்கும் போவது வடமொழியின் தற்செயலா, அல்லது வேறெங்கும் நடந்திருக்கிறதா?

சொல்லேர் எழுதியது:

மருதன் அவர்களே, இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். ரஷ்ய மொழியில் 'ருதா' என்றால் உலோகத் தாது. அதே 'ருதா' வட்டார வழக்கில் குருதிக்கும் பெயர். நாம் உதிரம் என்றும் உலோகம் என்றும் பிரித்துப் பெற்ற இரண்டையும் அவர்கள் ஒற்றைச் சொல்லில் வைத்திருக்கிறார்கள். நோர்ஸுக்காரர்களும் விலகவில்லை. சதுப்பு நிலத்தில் கிடைக்கும் இரும்புத் தாதுவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ரௌதி'. ஐஸ்லாந்தில் முதன்முதலாக அந்தத் தாதுவை உருக்கியவனை, அந்தத் தீவின் குடியேற்ற வரலாறு 'ரௌத பியோர்ன்' என்று அடைமொழியோடு குறிக்கிறது. வாளைக் குருதியால் சிவக்கச் செய்வதற்கோ 'ர்யோதா' என்ற வினை. மண்ணில் இரும்பும் உடலில் குருதியும் ஒரே நிறத்தில் கண்ணில் பட்ட மக்கள், இரண்டுக்கும் ஒரே வேரை நீட்டியதில் வியப்பில்லை. லித்துவேனியர் மட்டும் வேறு திசையில் போய், பழுப்புக்கு 'ருதஸ்' என்றும், அந்த நிறத்தில் இலை காயும் பருவத்துக்கு 'ருதுவோ' என்றும் பெயரிட்டார்கள். அங்கேதான், மருதன் அவர்களே, இந்த வேரும் உதிர்தலும் ஒருவழியாகச் சந்திக்கின்றன.

வடதிசை எழுதியது:

கடந்த சனிக்கிழமை ஒஸ்லோவுக்கு வடக்கே உள்ள நூர்மார்க்கா காட்டில் நடந்தபோது, சதுப்போரத்து ஓடையில் துருக்குழம்பு படிந்திருந்ததைக் குனிந்து பார்த்தேன். மேலே எண்ணெய்ப் படலம்போல மினுமினுப்பு. அடியில் செங்காவி நிறத்தில் சேறு. குச்சியால் கிளறியதும், கோழி கழுவிய தண்ணீர்போல் கலங்கிச் சிவந்தது. 'ரௌதி' என்று இதைத்தான் சொல்லியிருப்பார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் தமிழர் கடைக்குப் போனேன். உறைபெட்டியில் ரோகு துண்டுகள் இருந்தன. அதை ஒட்டிய பெட்டியில் இந்நாட்டுத் தட்டைமீன் ஒன்று. நோர்வேஜியத்தில் அதன் பெயர் 'ரோத்ஸ்பெத்தெ', அதாவது சிவப்புப் புள்ளிக்காரி. ஆனால் ரோகுவைப் புரட்டிப் பார்த்தால் எனக்கு வெள்ளியும் சாம்பலும்தான் தெரிந்தன. சிவப்பு எங்கே இருக்கிறது?

நெய்தற்கரை எழுதியது:

உறைந்த துண்டில் தெரியாது. உயிரோடு பிடித்த மீனை வெயிலில் சாய்த்துப் பிடித்துச் செதில்களைப் பாருங்கள். ஒவ்வொரு செதிலிலும் மெல்லிய செம்மை ஓடும், துடுப்புகளும் சிவந்திருக்கும். முட்டையிடும் பருவத்தில் அது இன்னும் கூடும். தட்டைமீனின் புள்ளிகள்கூட நான் படத்தில் பார்த்தவரையில் செம்மஞ்சள்தான். ஆகவே பெயர் வைத்தவர்கள் இரண்டு கரைகளிலும் ஒரே அளவு தாராளமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.